வரிசையில் என் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு இர்ஷாத் எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்க முழங்கால் வலி பரவாயில்லையா? அத்தா நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா? திண்டுக்கல்ல மழை உண்டா? மதரஸாவுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

ஒரு சின்ன விசயம், பதறாதீங்க. இந்த மாசம் அடிக்கடி மூக்குல ரத்தம் வருது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. மீசை அரும்புற வயசுல சில பசங்களுக்கு இப்படி வருமாம். முன்னாடி குனிஞ்சு உக்காந்து மூக்கை அமுக்கிப் பிடிச்சா செத்த நேரத்துல நின்னுருது. தம்பி ஃபயாஸ்கிட்ட சொல்லாதீங்க, சிரிப்பான்.

நேத்து சாயங்காலம் அஸர் தொழுகையில நிக்கும்போதே வந்துருச்சு. ரத்தம் வந்தா ஒளு முறிஞ்சிரும்ல? வெளிய போய் ரத்தத்தைக் கழுவி, மறுபடி கை, முகம், காலெல்லாம் கழுவி ஒளு செஞ்சுட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள பக்கத்துல நின்னவங்க நெருங்கி நின்னு வரிசையில என் இடத்தை மூடிட்டாங்க. இடைவெளி விடாமத்தான் நிக்கணும், அவங்க மேல தப்பில்ல. நான் பின்னாடி தனியா நின்னு தொழுதேன்.

அத்தா வரும்போது கைக்குட்டை குடுத்து விடுங்க. வெள்ளை வேண்டாம், அடர்ந்த கலரா இருக்கட்டும்.

பாங்கு சொல்லிட்டாங்க, ஓடணும். ஃபயாஸ் தூக்கத்துல உருண்டு நான் படுக்கிற பக்கம் வந்தா, அவனைத் தள்ளிப் படுக்க வைங்கம்மா. என் இடம் அப்படியே இருக்கட்டும்.

இர்ஷாத்