காரணம்: திருமணம்

கோவளம்
2 ஜூலை 2025

அன்புள்ள சம்பத் அண்ணாவுக்கு,

ருக்ஸார் எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமா? இது என் ராஜினாமாக் கடிதம். போனில் பேசினால் என்னைக் கரைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதி, ஸ்டாஃப் வேன் ஓட்டும் ஏசுபாதம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

காரணம் எழுத வேண்டும் அல்லவா, எழுதுகிறேன். நம் ரிசார்ட்டில் நாற்பத்திரண்டு அறை, நாற்பத்திரண்டு குளியலறை. அத்தனையையும் தேய்த்துக் கழுவுகிற பதினோரு பெண்களுக்கு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கழிவறை. பொங்கலிலிருந்து அதன் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்கிறாள். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக எட்டு முறை எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை வியாதிக்காரரான செங்கம்மாள் அடக்க முடியாமல், விருந்தாளி காலி செய்துவிட்டுப் போன பதினாலாம் நம்பர் அறையின் குளியலறையில் போய்விட்டார். எழுதத் தெரியாத அவரிடம் மன்னிப்புக் கடிதம் என்று ரேகை வாங்கி, காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அதை என்னையே வாசிக்கச் சொன்னீர்கள். நானும் வாசித்தேன். அவருக்கு என் அம்மா வயசு. கடைசிவரை தலை நிமிரவில்லை.

இனி அங்கே வேலை பார்க்க என்னால் முடியாது. மிச்சமிருக்கும் என் லீவை நோட்டீஸ் நாட்களுக்குக் கழித்துக்கொண்டு ரிலீவிங் லெட்டர் தாருங்கள். செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தருகிறார்கள். 21ஆம் தேதிக்குள் அந்த லெட்டரோடு போய்ச் சேர வேண்டும்.

தங்கை,
ருக்ஸார்


திருவிடந்தை
4 ஜூலை 2025

அன்புத் தங்கை ருக்ஸாருக்கு,

அண்ணன் சம்பத் ஆசிகளுடன் எழுதுவது. ஆறு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. என்னம்மா இது? உன் லெட்டரைப் படித்த கையோடு டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். முதலாளி கண்ணில் பட்டிருந்தால் முதலில் என் சீட்டைத்தான் கிழித்திருப்பார்.

நான் மேனேஜராக இருக்கும் இந்தப் பதினான்கு வருஷத்தில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். எல்லாரும் எழுதுவது ஒரே வரிதான்: ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக.’ சம்பளம் பத்தாமல் போனவனும் அதைத்தான் எழுதினான், சமையல்காரனோடு அடித்துக்கொண்டு போனவனும் அதைத்தான் எழுதினான். வயசுப் பெண் ஒருத்தி கடிதத்தில் கழிவறை, கக்கூஸ் என்றெல்லாம் எழுதலாமா? ஆஸ்பத்திரிக்காரர்கள் எனக்குப் போன் போட்டுக் கேட்டால் நான் என்ன சொல்வது?

உன் அக்கா கல்யாணத்தில் பந்தியில் நின்று தண்ணீர் ஊற்றினவன் நான். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அந்த ஒரு வரியை எழுதிக் கொடு, அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். தாழ்ப்பாளுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சம்பத்


கோவளம்
7 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் குடும்பச் சூழ்நிலைக்கு என்ன கேடு? அம்மா நலம். அக்கா நலம். யாரும் படுத்த படுக்கையாக இல்லை. செய்ததெல்லாம் ரிசார்ட், பழி மட்டும் என் குடும்பத்தின் மேலா? நன்றாக இருக்கிறதே நியாயம்!

கக்கூஸ் என்று எழுதினால் அசிங்கமாம். ஆறு வருஷமாக நாங்கள் அதைக் கழுவியபோது உங்கள் யாருக்கும் அசிங்கமாக இல்லையே? காலை ஷிஃப்ட்டுக்கு வரும் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை, தெரியுமா உங்களுக்கு? குடித்தால் போக வேண்டி வருமே. அதுவும் இந்த வெயிலில்! இரண்டு பேர் நீர்க்கடுப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட கையோடு வந்து பெட்ஷீட் மாற்றினார்கள். “பேஜாரு புடிச்ச எடம்மா இது” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாழ்ப்பாளுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன் என்று மாசியிலும் சொன்னீர்கள்.

நீங்கள் தண்ணீர் ஊற்றியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இன்னும் அண்ணா என்று எழுதுகிறேன். காரணத்தை மாற்ற மாட்டேன். லெட்டரை அனுப்புங்கள்.

ருக்ஸார்


திருவிடந்தை
11 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

கோபம் வேண்டாம். உனக்கும் கஷ்டமில்லாமல், எனக்கும் கஷ்டமில்லாமல் ஒரு வழி பண்ணிவிட்டேன். நீ எதையும் மாற்றி எழுத வேண்டாம். பதிவேட்டில் ‘காரணம்: திருமணம்’ என்று நானே குறித்துவிட்டேன். கல்யாணம் என்றால் யாரும் குடைந்து கேட்க மாட்டார்கள். முதலாளிக்கே சந்தோஷம், நல்ல பெண் என்று பாராட்டினார். காலை மீட்டிங்கிலும் அறிவித்தேன், எல்லாரும் கை தட்டினார்கள்.

ரிலீவிங் லெட்டரை ஏசுபாதத்திடம் ஒரு டப்பா இனிப்போடு கொடுத்திருக்கிறேன். 21ஆம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. நல்லபடியாகப் போய்ச் சேர்.

என்றும் உன் அண்ணன்,
சம்பத்


கோவளம்
14 ஜூலை 2025

மேலாளர் சம்பத் அவர்களுக்கு,

ஏசுபாதம் அண்ணன் எங்கள் தெருமுனையில் வேனை நிறுத்தி, “ருக்ஸாரு வூடு எது? கல்யாணப் பொண்ணு!” என்று கேட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. “ஏன்டி அக்தரு, சொல்லாம கொள்ளாம நிக்காஹ் வெச்சிட்டியா? மாப்ள யாரு?” என்று மாமி போனில் என் அம்மாவிடம் கத்துகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்திரிகை அடித்த பிறகு என் நிக்காஹ் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் ஹாலில் என் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னவர் நீங்கள். அதே அம்மா இரண்டு நாளாக ஒவ்வொருவரிடமும் இல்லை, இல்லை, எதுவும் முடிவாகவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். என்ன உரிமையில் இதைச் செய்தீர்கள்?

அதையாவது நான் பொறுத்திருப்பேன். நேற்று செங்கம்மாள் வந்தார். இரண்டு பஸ் மாறி, கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். “இன்னாம்மா, ஒரு வார்த்த சொல்லவே இல்ல? எனுக்காவத்தான் நீ வேலய வுட்டேன்னு எங்க வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன். அவமானப்பட்டது கூட எனுக்குப் பெருசா தெர்ல. போவட்டும், கல்யாணமா? நல்லாரு” என்றார். உங்களுக்காகத்தான் விட்டேன் என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. “மேனேஜரே மீட்டிங்ல சொன்னாரேம்மா” என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் லெட்டரைத் திருப்பி அனுப்புகிறேன். இது இல்லாமல் ஆஸ்பத்திரி வேலை கிடைக்காது. தெரிந்துதான் அனுப்புகிறேன். நீங்கள் நடத்தி வைத்த கல்யாணம் எனக்கு வேண்டாம். நான் எழுதிய காரணத்தைப் பதிவேட்டில் ஏற்றி, செங்கம்மாள் காதுபட மீட்டிங்கில் வாசியுங்கள். அதன் பிறகு வேறு லெட்டர் தாருங்கள்.

ருக்ஸார்


அலைவாசல் ரிசார்ட்
திருவிடந்தை
23 ஜூலை 2025

செல்வி ருக்ஸார், கோவளம்

பொருள்: ரிலீவிங் லெட்டர் கோரியது தொடர்பாக

தாங்கள் திருப்பியனுப்பிய கடிதம் பெறப்பட்டது. தாங்கள் 3.7.2025 முதல், காரணம் எதையும் எழுத்து மூலம் தெரிவிக்காமல் பணியிலிருந்து நின்றுவிட்டதாகப் பதிவேட்டில் திருத்தம் செய்யப்பட்டுள்ளது. எனவே, தாங்கள் கோரும் கடிதம் வழங்க இயலாது.

சம்பத்
மேலாளர்