வண்டிக் கழுத்தில் பித்தளை

3 மார்ச் 2025, திங்கள்

ராயப்பேட்டையில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு இன்று டெம்போவில் ஒரு பழைய யெஸ்டி பைக் வந்தது. கொண்டுவந்தவர் சகினா, அசோக் நகரில் டீச்சர். "எங்க அத்தா ஓட்டின வண்டி. பெருநாளுக்குள்ள ஓடணும். புது வண்டி மாதிரி வேணாம், அத்தா ஓட்டின மாதிரி இருக்கணும்" என்றார். சரி என்று அவர் அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தேன். நம்பரை இரண்டு தடவை படித்தேன்.

என் அண்ணன் குப்பனின் வண்டி.

4 மார்ச்

வேலையே ஓடவில்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

1998. ஹாண்டிலைத் தாங்கும் கழுத்துக் குழாயில் விரிசல். எனக்கு இருபத்தொரு வயது, பெரிய வெல்டர் என்று நினைப்பு. நானே பித்தளை வெல்டிங் வைத்தேன். பதினைந்தாம் நாள், மழையில், அடையாறு பாலத்தில் அண்ணன் விழுந்தார். அங்கேயே போய்விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த தாயம்மா அண்ணிக்குக் கை முறிந்தது. வழுக்கிவிட்டது என்றார்கள் எல்லோரும். வழுக்கியதா, என் வெல்டிங் விட்டதா? அப்பா வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே விற்றுவிட்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணி முகத்தையும் பார்க்கவில்லை. இருபத்தேழு வருடம்.

9 மார்ச், ஞாயிறு

இன்ஜினை இறக்கினேன். இந்த வண்டியில் ஒரே லீவர்தான் கிக்கரும் கியரும். உள்ளே அழுத்தி நிமிர்த்தினால் கிக்கர், இறக்கினால் கியர். யாருக்குத்தான் தோன்றியதோ. அண்ணன் வண்டி வாங்கிய அன்று பத்துத் தடவை மாற்றிக் காட்டச் சொன்னேன். இன்று நானே பத்துத் தடவை மாற்றிப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

கழுத்தைத் தொடவில்லை. கோழை.

14 மார்ச்

சகினா போன் செய்தார். ஃபிரேம் பெயிண்ட் எப்போது என்று. நாளை என்றேன். நாலு நாளாக நாளை.

15 மார்ச், சனி

சுரண்டிவிட்டேன். மேலே கறுப்பு. அதன் கீழே சிவப்பு. அதற்கும் கீழே அண்ணனின் பச்சை. பச்சை போனதும் மஞ்சளாக மினுங்கியது — என் பித்தளை. கோணல்மாணல், தேவைக்கு மூன்று மடங்கு கட்டி. என் பழைய கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத்தைத் தடவித் துடைத்தேன். மயிரிழைகூட இல்லை. வேறு யாரும் அதன்மேல் கைவைக்கவும் இல்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடம் ஆட்களைச் சுமந்து ஓடியிருக்கிறது. நான் வைத்ததா இது?

16 மார்ச், ஞாயிறு

பெரும்பாக்கம் போனேன். ஆற்றங்கரை வீடுகளை இடித்தபோது அண்ணியை அங்கே அனுப்பிவிட்டார்கள். எட்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி, செல்போனில் வெல்டிங் படத்தைக் காட்டினேன். அண்ணி படத்தைப் பார்க்கவே இல்லை.

"மணல்ல வழுக்கிச்சு நைனா. நான் பின்னாலதான குந்திகினு இருந்தேன். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"பயம் அண்ணி."

"எனக்கு மட்டும் பயமில்லியா? நீயும் என்னிய புருசன முழுங்கினவளாட்டம் பாக்கறியோன்னு இருந்தேன். அதான் உங்க பக்கமே வரல."

பஸ்ஸில் திரும்பினேன். கேட்டிருந்தால் ஒரு நிமிடம். ஒரே நிமிடம்.

26 மார்ச்

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. அதே சத்தம். எதிர் டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. வெகு நேரம் அணைக்காமல் ஓடவிட்டேன்.

30 மார்ச், ஞாயிறு

சகினா வண்டி எடுக்க வந்தார். அண்ணியும் வந்திருந்தார், தூக்குவாளியில் வஞ்சிர மீன் குழம்போடு. கழுத்தில் அந்த ஓரிடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. கதையைக் கேட்ட சகினாதான் அப்படியே விடச் சொன்னார். "எங்க அத்தாவையும் அதுதானே தாங்குச்சு" என்றார்.

அண்ணி பித்தளையை விரலால் தடவினார். "மணலு கண்டா பிரேக்க புடிக்காதம்மா" என்றார்.

வண்டி தெருமுனை திரும்பி, சத்தம் தேயும்வரை இருவரும் நின்றோம்.

"ஊட்டுக்குப் போலாமா?" என்றார் அண்ணி. இருபத்தேழு வருடமாக அவர் வராத எங்கள் வீட்டைத்தான் சொன்னார்.