ஆளுக்கொரு புது அலகு

அன்பு அம்மாவுக்கு,

உங்கள் சுகந்தினி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். குவைத்தில் நீங்களும் சுகமாக இருக்க அம்மன் துணை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஸாஹிரா அக்காவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் நல்லபடியாக வந்து சேர, இந்தத் திருவிழாவில் நாக்கில் அலகு குத்துவதாக நேர்ந்திருந்தேன். என் வகுப்பில் இன்னும் மூன்று பேருக்கு நேர்த்தி இருக்கிறது. போன வருடம் கோயிலின் ஒரே வெள்ளி அலகை எலுமிச்சம்பழத்தில் துடைத்துத் துடைத்து ஐந்து பேருக்குக் குத்தினார்கள். இந்த முறை திருவிழாக் கூட்டத்தில் எழுந்து, ஆளுக்கொரு புது அலகு வேண்டும், ஒருவர் ரத்தம் பட்டது இன்னொருவருக்குக் குத்தினால் எச்.ஐ.வி. தொற்றலாம் என்று சொன்னேன். கோயிலில் வைத்துப் பேசுகிற பேச்சா என்று கோயில் சபைத் தலைவர் குதித்தார்.

பதினோராம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் தாண்டிப் போய்விட்டார். வாசித்தது நான் மட்டும்தான் போல. ரத்தம் குடிக்கிற நுளம்பு கடித்தாலே வரும் என்று வகுப்பில் மற்றவர்கள் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். எதனால் வரும், எப்படித் தடுக்கலாம் என்று இப்போது அவர்களே ஒவ்வொருவராக வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள். நான் சத்தமாகத்தான் பதில் சொல்கிறேன்.

கூட்டத்தில் ஒருவர், "வெளிநாட்டுக்குப் போன பொம்பள மகதானே, இதெல்லாம் தெரியாமயா இருக்கும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்கம்மா ரத்தம் செக் பண்ணிட்டுத்தான் போனாங்க, ரிப்போட் வீட்டுல இருக்கு. இங்க யாரு பண்ணியிருக்கீங்க, சொல்லுங்க" என்று கேட்டேன்.

சபையில் மன்னிப்புக் கேட்டால்தான் அலகு என்று தலைவர் சொல்லிவிட்டார். நேர்த்தியை முறித்தால் அம்மாவுக்கு ஆகாது, கேட்டுவிடு என்று அப்பா தினமும் கெஞ்சுகிறார். ரப்பர் பால் வெட்டப் போகிற இடத்திலும் அவரை எல்லோரும் நோண்டுகிறார்களாம். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேகாலையில் நான்கு புது அலகு வாங்கி வந்து, பூசாரி சின்னத்தம்பி மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். மற்ற மூன்று பேரும் பழையது என்றால் வேண்டாம் என்று என்னோடு நிற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை திருவிழா. பழைய அலகைத்தான் நீட்டினார்கள் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். அம்மனுக்கு என்னைத் தெரியும், கோபிக்க மாட்டாள்.

நேர்த்தி முடியாமல் போனாலும் நீங்கள் வந்துவிடுங்கள் அம்மா.

உங்கள் மகள்
சுகந்தினி