மூன்று பேர் இருக்கும் படம்

நவம்பர் 13, வியாழன்

எழுந்ததும் மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் போலாரத்துக் குளிர் பாதம் வழியாக ஏறிவிட்டது. பனி. எதிர் வீட்டுச் சுவர்கூட மங்கல்.

இன்றைக்கு: கேஸ் புக்கிங். மகள் நித்யாவின் ஷூ தைக்கக் கொடுக்க. மாடிப் பெண்ணிடம் பேச.

கடைசியை வேண்டுமென்றே கடைசியில் எழுதினேன்.

நேற்று சாப்பிடும்போது இவர் சொன்னார். "சுதா, மாடியில இருக்கற பொண்ணை இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிடு. டேங்க் வால்வு பாக்க வந்தப்ப எதிர் வீட்டு ராவ் அந்தப் படத்தைப் பாத்துட்டான். எங்க ஆபீஸ்காரன்."

மாடியில் ரோஜின். சிரியாவின் வடக்கிலிருந்து வந்த குர்து இனப் பெண். இங்கே ஹைதராபாத்தில் எம்.ஃபார்ம் படிக்கிறாள். அந்தப் படத்தில் சீருடை போட்ட மூன்று பெண்கள், தோளில் துப்பாக்கி, எதற்கோ சிரிப்பு. நடுவில் அவளுடைய அக்கா. கறுப்புக் கொடி பிடித்த தீவிரவாதிகள் ஊரைச் சூழ்ந்தபோது எதிர்த்துச் சண்டையிட்டுச் செத்தவள்.

இவருடைய பயமும் பொய் இல்லை. பாதுகாப்புத் துறை வேலை. ப்ரமோஷன் ஃபைல் நகரும் நேரம். திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெளிநாட்டுக்காரர் சரிபார்ப்புக்கு வருகிறார்கள்.

"இவங்க யாரு, எந்தப் படைன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அந்தப் பொண்ணு தப்புன்னு சொல்லலே. நம்ம வீட்டுல வேணாம், அவ்வளவுதான்."

கேஸ் புக் செய்தாயிற்று. ஷூ கொடுத்தாயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

சாமிப் படங்களுக்குப் பூ வைத்தேன். கொஞ்சம் மிச்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டே மாடிக்குப் போனேன். இன்று சொல்லிவிட வேண்டும்.

ரோஜின் இல்லை. வால்வு திருகுவதற்காக அவள் அறைச் சாவி ஒன்று என்னிடம் உண்டு; திறந்தேன். உள்ளே படத்தின் பக்கத்தில் புது மெழுகுவர்த்திப் பொட்டலம். ஞாயிறு அக்காவின் நினைவு நாள் என்று முன்பே சொல்லியிருந்தாள். இந்த வாரமா அவளைப் போகச் சொல்வது?

என்ன தோன்றியதோ. பூவைச் சட்டத்தின் மேல் சாத்தினேன், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. காலி பண்ணச் சொல்லப் போனவள், பூ வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் இறங்கி வந்தாள். இங்கிலீஷும் மெஸ்ஸில் கற்ற ஹைதராபாத் இந்தியும் கலந்த பேச்சு.

"ஆன்ட்டி, பூ நீங்களா? அழகா இருக்கு. ஆனா ஒருத்தி சாகலையே."

இடது ஓரத்தில் இருப்பவள் ஹேவி. ஜெர்மனியில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாளாம்.

உயிரோடு இருப்பவள் படத்துக்குப் பூ! கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "ஐயையோ, எடுத்துடும்மா, உடனே எடுத்துடு."

நித்யாவுக்குச் சிரிப்பு. "அம்மா, டென்ஷன் நக்கோ லேவ், டென்ஷனாகாதே. தே டோன்ட் பிலீவ் ஆல் தட்."

ரோஜின் எடுக்கமாட்டேன் என்றாள். இரண்டு பேர் மேல் மட்டும் வருகிற மாதிரி நகர்த்திவிடுகிறாளாம். "அக்காவைப் புதைச்ச இடத்துக்கு அம்மாவால இன்னும் போக முடியல. இங்கயாவது பூ இருக்கட்டும்."

நவம்பர் 15, சனி

பால் பொங்கி வழிந்தது. அடுப்பு துடைத்தேன். மறுபடி பொங்கியது.

"சொன்னியா?"

"நாளைக்கு அவ அக்காவுக்கு நினைவு நாளுங்க."

பேப்பரை மடித்தார். "சரி, திங்கக்கிழமை காலையில சொல்லு. ஸ்டேஷன்காரன் வர்றதுக்குள்ள படத்தையாவது எடுக்கச் சொல்லு."

இரண்டு நாள் தள்ளிப்போனதில் என்ன நிம்மதி எனக்கு. சீ.

நான் கல்லூரியில் படித்தபோது கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசிய பெண்களும் இப்படித்தான் துப்பாக்கியோடு படங்களில் சிரித்தார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம். ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

சுண்டல் செய்து மாடிக்கு எடுத்துப் போனேன். ரோஜினும் கூடப் படிக்கும் இரண்டு பெண்களும். மெழுகுவர்த்திகள். டம்ளரில் சாய்த்து வைத்த ஃபோனில் ஹேவி. ஏப்ரன், தலையில் வலை. ரோஜின் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

ஹேவி முதலில் பார்த்ததே பூவைத்தான். "என்னை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? எனக்குப் பூ கிடையாதா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

எப்படிச் செத்தார்கள் என்று யாரும் பேசவில்லை. எப்படி இருந்தார்கள் என்று மட்டும். அக்கா பெரிவானுக்குப் பாட்டு வராது, ஆனால் காவலுக்கு நிற்கும்போது பாடியே தீருவாள். "எதிரி சுடறதுக்கு முன்னாடி இவ பாட்டே நம்மளைக் கொன்னுடும்னு திட்டுவோம்." வலது ஓரத்து ஜீலான், ஹேவியின் கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டே கடைசிச் சண்டைக்குப் போனவள். "நல்ல சாக்ஸ்," என்றாள் ஹேவி.

பிறகு ரோஜின், "ஆன்ட்டி, நீங்களும் ஒண்ணு சொல்லணும்."

எனக்கு என்ன தெரியும்? படத்தைப் பார்த்தேன். "பெரிவானோட பின்னல் ரொம்ப நேர்த்தியா இருக்கு."

ரோஜின் அதைச் சொன்னதும் ஹேவி தலை வலையைச் சரிசெய்தாள். பிறகு, "அது நான் பின்னினது. அவளுக்குப் பின்னத் தெரியாது." கேமரா திரும்பிவிட்டது. பேக்கரியின் கூரை மட்டும். நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கீழே வந்தேன். இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "நாளைக் காலையில, மறந்துடாதே."

"ம்" என்றேன்.

சொல்லப்போவதில்லை. வீடு அப்பா என் பெயருக்கு எழுதியது. இத்தனை வருடம் எதையும் இவரைக் கேட்காமல் செய்ததில்லை. இதைக் கேட்கப்போவதில்லை. ப்ரமோஷன் போனால்? போகலாம். இவர் முகத்தை எப்படிப் பார்ப்பேனோ.

ஸ்டேஷன்காரர் வந்தால் நானே மாடிக்கு அழைத்துப் போவேன். யார் என்று கேட்டால் பெயர் சொல்வேன். பெரிவான், ஜீலான், ஹேவி. ஹேவி உயிரோடு இருக்கிறாள் என்பதையும்.