மேற்கல்லில் விழுந்த விரிசல்

மே 3, செவ்வாய்
தூறல். ஓக் மரங்களுக்கு நடுவே உள்ள ஆதிகாலத்துப் பெருங்கல்லறைக்குப் போய்க் குப்பை பொறுக்கினேன். எங்கள் ட்ரெந்தே மாகாணத்தில் இப்படிப் பல உண்டு; இதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வீடு வந்து பட்டாணி சூப் வைத்தேன்.

மே 6, வெள்ளி
பியர் விளம்பரம் எடுக்க வந்தவர்கள் கல்லறையின் மேற்கல்லில் தீச்சட்டிகளை வைத்து எரித்தார்கள். பட்டப்பகலில்! ஓடிப்போய்க் கத்தினேன்.

"கல்லுதானேம்மா? அதுக்கு வலிக்கவா போகுது?" என்றான் ஒரு தாடிக்காரன்.

அப்போதுதான் வெடித்தது. என் விரல் நுழைகிற விரிசல். ஐயாயிரம் வருஷம் கிடந்த கல்!

பக்கத்தில் நின்றது யார்? என் தம்பி வுப்பே. தேவாலயத்தின் மூப்பர்.

மே 7, சனி
அவன் வீட்டுக்குப் போனேன். "பாத்ததைச் சொல்லுடா."

"அக்கா, சர்ச் கூரையை மாத்தித் தர்றதா அந்த விளம்பரக்காரங்க வாக்குக் குடுத்திருக்காங்க. எண்ணூறு வருஷச் சுவரு ஒழுகி ஊறிக் கெடக்கு. அதை யாரு காப்பாத்துவா?"

"அதுக்காக இதை ஒடைக்கணுமா?"

"அங்க பொதைச்சவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்களா? நம்ம ஆளுங்களா?"

காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். நம்ம ஆட்கள் இல்லையாம்! இவன் மட்டும் எங்கிருந்து வந்தானாம்?

மே 10, செவ்வாய்
தொல்லியல் துறை அதிகாரி ஒருவர் வந்து கல்லைப் பார்த்தார். "பழைய விரிசல்மா. பனியில விட்டிருக்கும்."

"என் கண்ணால பாத்தேன் சார்."

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

வுப்பே அங்கேயே நின்றான். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாயைத் தைத்துவிட்டார்களா என்ன?

மே 11
அவனோடு இனிப் பேச்சில்லை. அவ்வளவுதான்.

மே 15, ஞாயிறு
ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், அவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று. விளம்பரக்காரர்களுக்கு நன்றி வாசிக்க அவன்தான் எழுந்தான். தாளைப் பார்த்தான்.

"என்னால இதை வாசிக்க முடியல. கல்லு வெடிச்சப்ப நான் பக்கத்துல நின்னேன். அவங்க வச்ச தீதான். அக்கா சொன்னது நெசம்."

"ஒக்காருய்யா! கூரை போச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் உட்காரவில்லை. அதையே மறுபடியும் சொன்னான், இன்னும் உரக்க.

ஜூன் 19, ஞாயிறு
கல்லைச் சுற்றி வேலி போட்டாகிவிட்டது. விளம்பரக்காரர்கள் மேல் வழக்கு. கூரை வரப்போவதில்லை. வுப்பேயை மூப்பர் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இன்று நல்ல மழை. வாளிகளில் சொட்டும் சத்தத்தில் போதகர் பேசியது பாதி கேட்கவில்லை. எங்கள் வரிசையில் நானும் அவனும் மட்டும். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கோழைகள்! நாற்பது வருஷம் இவர்களுக்காக மணி அடித்தவன் அவன்!

அவன் மேல் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் ஜெபப் புத்தகத்தை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தேன். அவன் கண்ணாடியை மறந்து வந்திருந்தான். நானே அவன் காதருகே வாசித்தேன்.