உன் நலங்குப் பாட்டுக்குப் போட்ட மேளம்

என் வாயாடி நாத்தனார் செல்விக்கு,

உன் மகள் அபிக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்குத் துவாக்குடிப் பக்கம் வேலை. தங்கமான பையன், அதனால் கிண்டல் பண்ணத்தான் ஒன்றும் அகப்படவில்லை. நீ இருந்திருந்தால் எதையாவது கண்டுபிடித்திருப்பாய், இல்லையா?

நலங்குக்கு அம்மா குரல்தான் வேண்டும் என்று அபி ஒற்றைக்காலில் நின்றாள். ஜீயபுரம் வீட்டு அடுப்படியில் நீ கைதட்டிப் பாடியதை முன்பு போனில் பிடித்து வைத்திருந்தாள். அதற்கு மேளம் சேர்க்கலாமென்று கே.கே. நகரில் ஒரு பாட்டு ஸ்டுடியோவுக்குப் போனோம்.

அங்கிருந்த தம்பி, "முதல்ல டெம்போ மேப் எடுக்கணும்க்கா" என்றார்.

"டெம்போ எதுக்கு தம்பி? சீர்வரிசை ஏத்த வண்டி பேசியாச்சே!"

அபி என்னைக் கிள்ளினாள். பாட்டு எங்கே ஓடுகிறது, எங்கே நடக்கிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டுமாம். அதற்குத்தான் அந்தப் பேர். உன் பாட்டைக் கேட்டுவிட்டு அது இரண்டு மடங்கு வேகம் சொன்னது. கைதட்டலுக்கு நடுவே உன் வளையல் குலுங்கியதையும் தாளமென்று எண்ணிவிட்டதாம்! அதைப் பாதியாக்கியதும் கோடு மேடும் பள்ளமுமாக வந்தது.

"இவ எப்பவும் இழுப்பா தம்பி. நேராக்கிடுங்க" என்று நான்தான் சொன்னேன்.

நேராக்கினார். மேளம் கச்சிதமாகப் பொருந்தியது. நீதான் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்பவள் மாதிரி ஆகிவிட்டாய். அபி முகம் சுருங்கிப்போனது.

"அத்தை, இது எங்கம்மா இல்ல."

"அப்ப குரலைத் தொட வேணாம்க்கா. மேளத்தை அவங்க பின்னாடி நடக்க விடுவோம்" என்று தம்பி பழைய மேடுபள்ளக் கோட்டையே திருப்பிக் கொண்டுவந்தார். நீ ஓடினால் மேளமும் ஓடியது, இழுத்தால் அதுவும் இழுத்தது. ஓரிடத்தில் மட்டும் அவர் கை நின்றது.

"இங்க தட்டே இல்லியே. பாட்டு மறந்துட்டாங்களா?"

போட்டுக் காட்டினார். "அண்ணி வச்ச சாம்பாரிலே" என்று பாடிவிட்டு நீ சும்மா இருக்கிறாய். கொஞ்சம் கழித்துத்தான், "அகண்ட காவேரி ஓடுது!"

மறதியா அது? எந்த வீட்டு நலங்கிலும் அந்த இடத்தில் "என்னடி ஓடுது?" என்று நான் சண்டைக்கு வருவேன், கூட்டம் சிரிக்கும். அன்றைக்கு அடுப்படியில் நான் இல்லை. இல்லாத எனக்கும் இடம் விட்டுப் பாடியிருக்கிறாயே செல்வி! "அங்க மட்டும் மேளம் போடாதீங்க தம்பி" என்றேன்.

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் நலங்கு. ஸ்பீக்கரில் உன் குரல் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். "சாம்பாரிலே" என்றாய். மேளம் நின்றது. நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குரல் எழும்புமா என்று பயந்துகொண்டே கத்தினேன்.

"என்னடி ஓடுது?"

நீ பதில் சொன்னாய்.

அபி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்தது மாப்பிள்ளைதான். அவர் உன்னைப் பார்த்ததுகூட இல்லை.

அங்கே உன்னிடம் யாரடி வம்புக்கு வருகிறார்கள்? அபிக்கு வளைகாப்பு வரும், பேர் சூட்டல் வரும். நீ பாடு. நீ நிறுத்துகிற இடத்தில் நான் கேட்காமல் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னோடு சண்டை இன்னும் தீராத
அண்ணி