கேபிள் லூசு இல்லை, அக்கா

அக்கா,

கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் நீ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இன்று காலை சர்வீஸ்காரர் அதை நகத்தால் சுரண்டப் பார்த்தார். "யோவ், அதுல கை வெக்காத. அதுக்குக் கீழதான் மூளை கீது" என்றேன். பயந்து கையை எடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். நம் லாரி எடை மேடைக் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டதாம். இனி அதற்குப் பாதுகாப்பு இல்லையாம், புதுசு ஏற்ற வேண்டுமாம். அதுவும் இலவசமாம். உடனே உன் முகம்தான் ஞாபகம் வந்தது. காய்க்காரர் கொசுறாகக் கொத்தமல்லி கொடுத்தாலே, "இன்னாத்துக்குடி சும்மா குடுக்கறான்?" என்று கட்டைப் பிரித்துப் பார்ப்பவள் நீ.

"நீயே முடிவு பண்ணும்மா" என்று ஓனர் நழுவிவிட்டார். புதுசில் எடை தப்பினால் ஒரகடம் லாரி ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பாது. பழசு படுத்துக்கொண்டாலும் என் தலைதான் உருளும்.

சர்வீஸ்காரர் தூத்துக்குடிப் பக்கம். "எல்லாம் அப்படியேதான் இருக்கும்க்கா."

"அப்டியே இருக்கும்னா இன்னாத்துக்குய்யா மாத்தற?"

அவர் பைக்குள் கையை விட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினார்.

முதல் லாரி வருமுன் தினமும் நீ மேடையில் ஏறுவாய். அவ்வளவு பெரிய இரும்புத் தகட்டின் நடுவே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. போகிற கம்பெனி பஸ்ஸெல்லாம் எட்டிப் பார்க்கும். உள்ளேயிருந்து நான் கத்துவேன்: "தொண்ணூறு! லோடு எறக்கிட்டு வாக்கா!"

"உன் வாய எடை போட இந்த மேட தாங்காதுடி!"

எண் மாறவில்லையென்றால் மேடை சரி. அதுதான் நம் சோதனை.

லாரி மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். பிறகு ஒருநாள் எண்பது காட்டியது. "பொய் சொல்லுது இது" என்று மெக்கானிக்கை வரவழைத்தாய். அவர் எடைக்கல் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். அவரையும் நீ நம்பவில்லை. உனக்கு அடுத்து நான் ஏறினேன். என் எழுபது அப்படியே இருந்தது. உள்ளே வந்து எண்ணைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"கேபிள் லூசுடி" என்றாய்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது உனக்கும் எழுபது ஆகியிருந்தது. நோய் முத்திவிட்டதென்று டாக்டர் சொன்னதை நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனாய். அவரும் அதையேதான் சொன்னார்.

புதுசு ஏற்றச் சொல்லிவிட்டேன் அக்கா. ஆனால் பழைய டிஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வேறு டிஸ்க்கில் ஏற்றச் சொன்னேன். அவர் தொடுவதற்கு முன் மேடையில் ஏறினேன், எழுபது. முடித்தபின்னும் ஏறினேன், எழுபது. நம்பிக்கை வரவில்லை. சர்வீஸ்காரரை இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். "என்னக்கா, என்னயப் பாத்தா லாரி மாதிரியா இருக்கு?" என்றார். நேற்று எடை போட்ட காலி லாரியையும் கூப்பிட்டு ஏற்றினோம். நேற்றைய எடையேதான்.

அப்படியும் பழைய டிஸ்க் என் சாப்பாட்டுப் பையில்தான் இருக்கிறது. பொட்டும் திரையிலேயே இருக்கிறது.

நாளைக் காலையும் மேடை ஏறுவேன். எண் குறைந்தால் யாரையும் திட்ட மாட்டேன், நேராக ஆஸ்பத்திரிக்குப் போவேன். உன்னால் வந்த புத்தி அது.

கூடினால் மட்டும், அக்கா, கேபிள் லூசுதான்.